மாமாவின் கவாத்து

என் கல்யாணத்தன்று காலையில், கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு, பெண்ணின் தகப்பனார் என் மீசையை வெட்டினார்.

எல்லோரும் உள்ளே உட்கார்ந்தாகிவிட்டது. ஐயர் அங்கியோடு நிற்கிறார். எங்கள் சபையில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். நான் படியில் கால் வைக்கும் நேரம் மாமா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார்.

"மாப்ள, எடது பக்கம் ஒரு நெல்லு தூக்கலா இருக்கு. அசையாம நில்லுங்க."

கோட்டுப் பையிலிருந்து கத்தரிக்கோல் வெளியே வந்தது. மகளைக் கட்டிக்கொடுக்கும் நாளில் ஒரு மனிதர் கத்தரிக்கோலோடு ஏன் கோயிலுக்கு வர வேண்டும் என்று கேட்க எனக்கு அவகாசம் இல்லை. இடது பக்கம் சரியானதும் வலது பக்கம் நீண்டுவிட்டது. வலதைச் சரி செய்ததும் இடது. கடைசியில் நான் பீடத்தின் முன்னால் போய் நின்றபோது என் மூக்குக்குக் கீழே இரண்டு கட்டெறும்புகள் மட்டும் மிச்சம் இருந்தன. கல்யாணப் போட்டோ ஒன்றே ஒன்று இருக்கிறது. அதில் என் மனைவி கிரேஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். பார்க்கிறவர்கள், பெண்ணுக்கு எவ்வளவு வெட்கம் என்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

மாமா மூணாறுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக் கங்காணியாக இருந்தார். தேயிலையைச் சும்மா விட்டால் மரமாகிவிடும். அதனால் சில வருஷங்களுக்கு ஒருமுறை செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையடிப்பார்கள். ஒரு இலை மிஞ்சாது. மலை முழுக்கக் குச்சி குச்சியாக நிற்கும். புதிதாகப் பார்க்கிறவன் மலையே பட்டுப்போனது என்று நினைப்பான். பனியும் மழையும் இறங்கியதும் அத்தனை கட்டையும் துளிர்த்து மறுபடி பச்சையாகிவிடும். அந்த வெட்டுக்குத்தான் கவாத்து என்று பெயர். மாமா தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலை மலையாக அதைச் செய்தவர். செய்து செய்து, உலகத்தில் எந்தப் பொருளும் முழங்காலுக்கு மேல் வளர வேண்டிய அவசியம் இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

பேச்சும் அதில் அடக்கம். யாராவது ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்து, அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று போனால், மாமா கையைத் தூக்குவார். "பக்கக்கிளைய விடும். தண்டுக்கு வாரும்." நான் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. எனக்குப் பக்கக்கிளை இல்லாமல் பேச வராது. எந்த பஸ், எத்தனை பேர், யார் எந்த ஸீட் என்று சொன்னால்தான் கேட்கிறவருக்குப் புரியும் என்பது என் எண்ணம். கல்யாணமான புதிதில் மாமாவிடம் நான் ஒரு கதையைக்கூட முடித்ததில்லை. கிரேஸுக்கு அவர் போடும் கார்டில் மூன்று சொற்கள் இருக்கும்: "சுகம். மழை. அப்பா." ஒரு தடவை மழை இல்லை போலிருக்கிறது, இரண்டு சொற்கள்தான் வந்தன.

சாப்பாட்டு ஜெபமும் அப்படியே. எங்கள் அம்மா தட்டுக்கு முன்னால் கண்ணை மூடினால் உறவுக்காரர்கள், நோயாளிகள், மழை, மாடு, இந்தப் பக்கத்து அரசாங்கம், அந்தப் பக்கத்து அரசாங்கம் எல்லாரும் அதில் வந்து போவார்கள். எங்கள் ஊர் பெருமாட்டிக்குக் கிழக்கே, கேரள-தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருப்பதால் இரண்டு அரசாங்கங்களுக்கும் ஜெபிக்க வேண்டியிருந்தது. மாமா எங்கள் வீட்டுக்கு முதலில் விருந்துக்கு வந்த அன்று அம்மா மரியாதைக்காக அவரை ஜெபிக்கச் சொன்னாள். "ஆண்டவரே, சோறு வந்திருக்கு, தோத்திரம், ஆமென்," என்றார். அம்மா கண்ணையே இன்னும் மூடியிருக்கவில்லை.

மலைமேல் அவர்களுடைய கோயிலில் பிரசங்கம் நீண்டால் மாமாவின் குடை விழும். மூங்கில் கைப்பிடி போட்ட பெரிய எஸ்டேட் குடை. கல் தரையில் அது விழுகிற சத்தத்தில் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வார்கள். ஐயர் எந்த வசனத்தில் நின்றிருந்தாலும் கடைசி வசனத்துக்கு வந்துவிடுவார். வெளியே வந்து யாராவது கேட்டால், "தானா விழுந்துச்சு," என்பார். நான் அங்கே போயிருந்த ஞாயிறுகளில் அது விழாத ஞாயிறு இல்லை. எண்ணியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட மனிதர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கவாத்துக் கத்தியைக் கோணிச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். தை மாதம். கிரேஸ் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. எங்கள் ஊரில் பார்க்கிற இடமெல்லாம் தென்னை. தென்னையைக் கவாத்து பண்ண முடியாது. மாமா இரண்டு நாள் வரப்பு வரப்பாக நடந்துவிட்டு வந்து, "என்ன ஊரு மாப்ள இது. ஒண்ணுத்தையும் வெட்ட முடியாது போல," என்றார். கை அரிக்கிறது என்பது பார்த்தாலே தெரிந்தது. என் தலையணை உறையில் தொங்கிய நூல், லாந்தர் திரி, நாட்காட்டியில் கழிந்த தேதி எல்லாம் வெட்டுப்பட்டன. வாசலில் திராட்சைப் பந்தல் இருந்தது. நான் அதைப் பற்றிக் கவலைப்பட்டேன். ஆனால் நான் எல்லாவற்றையும் பற்றிக் கவலைப்படுகிறவன் என்பதால் வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்தத் திராட்சை அம்மாவின் உயிர். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து அப்பா ஒரு குச்சியாகக் கொண்டுவந்து நட்ட பன்னீர் திராட்சை. அப்பா போன பிறகு அம்மா அதை வளர்த்த விதத்தைப் பார்த்தால், எங்களை இவ்வளவு கவனமாக வளர்த்தாளா என்று சந்தேகம் வரும். கோடையில் ஆட்டுப்புழுக்கை, வேப்பம்புண்ணாக்கு. மழை ஓய்ந்ததும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தென்னை மட்டையால் தெளிப்பு. காற்றுக் காலத்தில் ஒவ்வொரு கிளையையும் வாழைநாரால் பந்தலோடு கட்டுவாள்; நார் அழுத்தக்கூடாது என்று முடிச்சுக்குள் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பாள். காய் பிடித்தால் கிளிக்கும் அணிலுக்கும் பயந்து பழைய வேட்டித் துணியில் குலைகளுக்குச் சட்டை தைத்துப் போடுவாள். அறுப்பின் பண்டிகைக்குக் கோயிலில் எல்லாரும் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து ஏலத்துக்கு வைப்பார்கள். தேங்காயும் பூசணியும் யார் வீட்டிலும் உண்டு. திராட்சைக் கூடை அம்மாவுடையது மட்டும்தான்.

தையில் கொடியை வெட்டத்தான் வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அவள் வெட்டுவது பிள்ளைக்கு நகம் வெட்டுகிற மாதிரி. ஒரு நுனியைக் கிள்ளிவிட்டு, "நோகுதா சாமி," என்று கேட்பாள். ஆகவே கொடி பந்தலைத் தாண்டி, ஓட்டின் மேல் ஏறி, ரேடியோக் கம்பியைச் சுற்றி, அடுத்து எங்கே போகலாம் என்று காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. இலை, இலை, இலை. குலைகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தன. நான் முதலில் எண்ணியபோது நூற்றுப் பத்து. மாமா வந்ததற்கு முந்தின போகத்தில் முப்பத்தொன்று. இதை அம்மாவிடம் சொன்னேன்.

"நீ எண்ணி எண்ணித்தான்டா கொறஞ்சுபோச்சு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா கோயிலுக்கு வரவில்லை. கால் பிடித்துக்கொண்டது என்றார். நாங்கள் மூன்று பேரும் போய்விட்டுத் திரும்பி வந்து படலைத் திறந்தபோது வாசல் விசித்திரமாக இருந்தது. வீட்டுச் சுவர் தெரிந்தது. சுவருக்கு வெள்ளையடித்திருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. தலைக்கு மேலே வெறும் மூங்கிலும் வானமும். நடுவில் மாமா, கால்பிடிப்பு எதுவும் இல்லாமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"சம்பந்தியம்மா, வெளிச்சம் எப்பிடி வருது பாத்தியளா."

அம்மா பந்தலைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். வேதப்புத்தகத்தை என் கையில் கொடுத்தாள்.

"ஏனுங் சம்பந்தி. கொடி எங்கீங்?"

"இந்தா இருக்குல்ல," என்று மாமா காட்டினார். முழங்கால் உயரத்தில், மணிக்கட்டுப் பருமனில், ஒரு கட்டை. மழைத்தண்ணீர் நிற்காமல் வழிய வேண்டும் என்று சாய்வாக, பளிச்சென்று ஒரே சீரான வெட்டு. உரிந்த பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்துச் சுத்தம் செய்திருந்தார். வெட்டின கொடியெல்லாம் கட்டையைச் சுற்றிக் குவியலாகக் கிடந்தது. தேயிலையில் வெயில் படாமலிருக்க அப்படித்தான் மூடுவார்களாம். அது மலை. அங்கே பனி பெய்யும். இங்கே தை மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் காயப்போட்ட துணி விறைத்து நிற்கும்.

வந்த சம்பந்தியைத் திட்டுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. அம்மா கிரேஸ் பக்கம் திரும்பினாள். "ஏம் புள்ளெ, உன்ற அப்பனுக்குச் சோத்தைப் போடு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டிலிருந்து குரல் கேட்டது, பானையிடம் சொல்வதுபோல. "மருமவ வந்து ஒரு வருசம் ஆவுலெ. பதினாறு வருசக் கொடி போச்சு. இன்னி இந்த ஊட்டுல எதெ எதெ வெட்டோணுமோ."

மாமா சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டார். சமையல்கட்டு வாசலில் போய் நின்றார்.

"சம்பந்தியம்மா, என் மகளைச் சொல்லாதீய. வெட்டுனது நான். வெட்டுனாத்தான் தழைக்கும். இது துளுக்கலேன்னா என் மகளைக் கையோட மலைக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். துளுத்தா, இந்தக் கொடியப் பத்தி அவகிட்ட ஒரு சொல்லு வரப்படாது. சம்மதமா?"

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"சரிங்," என்றாள் அம்மா.

கிரேஸ் இருவருக்கும் நடுவில் குழம்புச் சட்டியோடு நின்றிருந்தாள். "நான் என்ன பந்தயச் சேவலா," என்றாள். அவள் சட்டியைக் கீழே வைத்தாள், அறைக்குள் போனாள், தன் தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்து, எல்லாரும் பார்க்க ஒவ்வொரு சேலையாக அடுக்கினாள். "நீங்க ரெண்டுபேரும் எப்பச் சொல்லுதியளோ அப்ப கெளம்ப வசதியா இருக்கும்," என்றாள். கல்பாத்தித் தேர் திருப்பத்தில் நின்றுபோனது மாதிரி அந்தப் பெட்டி அங்கேயே நின்றது. முதலில் நான் இடித்துக்கொண்டேன். பிறகு அம்மா.

எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. கிரேஸிடம் தனியாகக் கேட்டேன், இதெல்லாம் பேச்சுக்குத்தானே என்று. "எங்கப்பா மத்த எல்லாத்தையும் வெட்டுவாரு. சொன்ன சொல்ல மட்டும் வெட்ட மாட்டாரு," என்றாள். "உங்கம்மாவும் அப்பிடித்தான். மூச்சப் பிடிச்சிட்டு இருங்க."

அன்று சாயங்காலம் வாசலிலிருந்து மாமா கூப்பிட்டார். அவர் அவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"மாப்ள. இங்கன வாரும்."

கட்டையின் வெட்டுவாயில் தண்ணீர் ஊறி, விளிம்பில் திரண்டு, சொட்டியது. துடைத்தார். மறுபடி ஊறியது. மாமாவின் முகத்தில் எனக்குத் தெரிந்த எந்த முகமும் இல்லை.

"இது அளுவுது மாப்ள."

"தேயிலை அழாதா மாமா?"

"அது எதுக்கு அளணும்?"

எத்தனை மலையை மொட்டையடித்த மனிதர். அவர் வெட்டின எந்தச் செடியும் அவர் கண்முன்னால் இப்படிச் சொட்டுச் சொட்டாக விட்டதில்லை. சட்டென்று குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வெட்டுவாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ஒரு ஓரம் அடைபட்டது. இன்னொரு ஓரத்தில் வந்தது. அங்கே இன்னொரு கட்டைவிரல். அப்புறம் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. என்னை மெழுகுவத்தி கொண்டுவரச் சொன்னார். உருக்கி ஊற்றினோம். மெழுகு ஒரு தொப்பி மாதிரி மேலே எழும்பிக் கழன்று விழுந்தது. சுண்ணாம்பு வைத்தோம், கரைந்தது. சாணி வைத்தோம், ஒழுகியது. மாமா மறுபடி விரல்களையே வைத்துக்கொண்டார். நான் சொட்டுகளை எண்ண ஆரம்பித்தேன். "எண்ணாதேயும், பயமா இருக்கு," என்றார்.

துணி எடுக்க வெளியே வந்த அம்மா இதைப் பார்த்தாள். திராட்சை வெட்டினால் அழும் என்று அவளுக்குத் தெரியும். முந்தின நாள் அந்தக் கொடிக்குத் தொட்டித் தண்ணீரை முழுக்க இறைத்தவளும் அவள்தான். அந்தத் தண்ணீர்தான் இப்போது சொட்டுகிறது என்பதை அவள் சொல்லவில்லை. உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். மாமாவின் இரண்டு கையும் கட்டையில். சம்பந்திக்கு அவள் புகட்ட முடியாது. டம்ளரை என்னிடம் நீட்டினாள். கல்யாணத்தில் என் மீசையை வெட்டிய மனிதருக்கு நான் காப்பி புகட்டினேன்.

"கொஞ்சம் தாத்திப் பிடிங்க மாப்ள. மூக்குல போவுது."

"கை நோகுதுங்ளா?" என்று கேட்டாள் அம்மா.

"ரத்தம் பூராப் போயிட்டா என்ன செய்யும் சம்பந்தியம்மா?"

"என்ன செய்யும். உங்க மவ உங்க கூட வந்துருவா. விசனப்படாதீங்," என்று சொல்லிவிட்டுத் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது அவள் தோள் குலுங்கியது. கோபம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். கொடி இன்னும் அழுதுகொண்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லாமல் மாமாவே கண்ணை மூடினார். "ஆண்டவரே," என்றார். நான் வழக்கம்போல் முதல் கவளத்தைப் பிசைய ஆரம்பித்தேன். அவர் நிறுத்தவில்லை. கொடிக்காக ஜெபித்தார். அதை நட்ட என் அப்பாவுக்காக, அவர் எந்தக் கடையில் அந்தக் குச்சியை வாங்கினாரோ அந்தக் கடைக்காரருக்காக. தாயில்லாமல் தான் வளர்த்த மகளுக்காக. அவள் சின்ன வயதில் எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் விழுந்து பல் உடைந்தது, அந்தப் பல்லை ஓட்டின் மேல் எறிந்தது. மலையிலே தான் வெட்டிய செடிகளுக்காக, அதில் ஒருவேளை அழுதும் தான் கவனிக்காமல் போன செடி இருந்தால் அதற்காக. மழை, காற்று, மாப்பிள்ளையின் ஆபீஸ், இரண்டு அரசாங்கம். ரசம் ஆறித் தெளிந்துவிட்டது. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். கிரேஸ் இரண்டு கண்ணையும் திறந்து தகப்பனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எஸ்டேட் லாரியின் டயருக்கு வந்தபோது அம்மா உரத்த குரலில், "ஆமென்," என்றாள்.

மாமா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "சோறு ஆறுதுங்," என்றாள் அம்மா.

அழுகை இரண்டொரு நாளில் தானாக நின்றது. பிறகு காத்திருப்பு. அம்மா மாமாவின் குவியலிலிருந்து நல்ல கொடிகளாக இழுத்து, கணு பார்த்து நறுக்கி, கிடைத்த பாத்திரத்திலெல்லாம் நட்டாள். பால்பவுடர் டப்பா, ஓட்டைக் குடம், கைப்பிடி போன வாளி, என் சவரக் கிண்ணம். மாமா கட்டைக்குக் காற்றுப் படாமல் தென்னந்தட்டி கட்டினார். காலையில் ஒருமுறை தட்டியை விலக்கிப் பார்ப்பார், பிறகு நான் பார்ப்பேன், பிறகு யாரும் பார்க்காத நேரம் பார்த்து அம்மா பார்ப்பாள். கிரேஸ் மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை.

டப்பாக் குச்சிகள் முதலில் துளிர்த்தன. மாமா சந்தோஷத்தில், "பாத்தியளா," என்று ஆரம்பித்தார். "குச்சி துளுத்தது என்ற கையிலெ. கட்டை துளுக்கோணும் உங்க கையிலெ," என்று அம்மா முடித்தாள்.

அந்த நாட்களில் மாமா எதையும் வெட்டவில்லை. லாந்தர் புகைந்தது, விட்டுவிட்டார். போகிற வருகிறவர்கள் தட்டியைப் பார்த்து நின்று, தங்கள் ஊரில் முருங்கை துளிர்த்த கதை, மாமனார் வீட்டுப் பலா பட்டுப்போன கதை எல்லாம் சொன்னார்கள். எல்லாவற்றையும் முழுக்கக் கேட்டார். நானும் ஒரு நாள் தைரியமாக, சித்தூர் பஸ்ஸில் ஒருவர் குடையை மாற்றி எடுத்துக்கொண்டு போனதை, எத்தனை ஸ்டாப், யார் யார் இறங்கினார்கள் என்பது வரை சொல்லி முடித்தேன்.

"அப்புறம்?" என்றார் மாமா.

அப்புறம் ஒன்றும் இல்லை. கதை அவ்வளவுதான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

மாசி பிறந்த பிறகு ஒரு காலையில் மாமா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தியம்மா, நேத்துப் பாருங்க, எனக்குச் சரியா உறக்கம் இல்ல. காலையில எந்திரிச்சதும் என்னமோ தோணுச்சு. நேரா போகாம, முதல்ல தொட்டிப் பக்கம் போயி முகம் கழுவி, அப்புறம் தட்டிய மெல்ல..."

"பக்கக்கிளையெ உடுங் சம்பந்தி," என்றாள் அம்மா. "தண்டுக்கு வாங். துளுத்துச்சா இல்லியா?"

மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

நாங்கள் நாலு பேரும் ஓடினோம். வெட்டுவாய்க்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. கீழே, மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பட்டையைப் பிளந்துகொண்டு, பூனைக்குட்டியின் மூக்கு மாதிரி, இளஞ்சிவப்பாக ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சுற்றிவந்து எண்ணினேன். ஒன்பது. அன்று நான் எண்ணியதை யாரும் தடுக்கவில்லை.

நாலைந்து நாளில் ஒன்பதும் விரல் நீளம் வந்தன. அம்மா முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். நல்ல தெம்பானதாக ஒன்றைத் தேர்ந்தாள், துணைக்கு இன்னொன்றை. பிறகு கட்டைவிரல் நகத்தால் மற்றவற்றைக் கிள்ளிக் கிள்ளிப் போட ஆரம்பித்தாள்.

"ஐயோ சம்பந்தியம்மா, என்ன செய்தீய. கெடக்கட்டும். எம்புட்டுக் கஷ்டப்பட்டு வந்திருக்கு."

"ஒம்பதையும் உட்டா ஒண்ணும் பந்தலுக்குப் போவாதுங். ரெண்டு போதும்."

"அந்த ஓரத்துல உள்ளது மட்டுமாவது..."

அதையும் கிள்ளினாள். மாமா தென்னை மரங்களின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஏழையும் கிள்ளி முடித்து, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அம்மா எழுந்தாள்.

"கிரேசு. அந்தப் பொட்டியெ எடுத்து உள்ளே வையி. இடிச்சு இடிச்சு என்ற முட்டி பேந்துபோச்சு."

"நீங்களும் ஒரு கை பிடிங்க அத்தே. கனமா இருக்கும்."

"சேலையெல்லாம் எடுத்துட்டு அப்பறம் தூக்கு."

"சேலை எங்க இருக்கு அதுல," என்றாள் கிரேஸ். "அப்பா நீளமா ஜெபம் பண்ணுனாங்கல்ல, அன்னிக்கே எடுத்து அலமாரியில வச்சிட்டேன். யாரும் காலால தள்ளிரப்படாதுன்னு உள்ள செங்கல்லு போட்டிருக்கேன்."

அம்மா அவளைப் பார்த்தாள். ஒரு மாதமாகச் செங்கல்லிலா முட்டியை இடித்துக்கொண்டோம் என்பது அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு சிரித்தாள் பாருங்கள், பந்தல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் அன்றைக்குத் தோள் குலுங்கியது எதனால் என்று எனக்குத் தெரிந்தது. மாமா திரும்பிப் பார்த்துவிட்டு, "என்ன விசயம், சுருக்கமா யாராவது சொல்லுங்க," என்றார்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குத் திராட்சை இல்லை. அம்மா டப்பாக்களில் வேர் பிடித்த கன்றுகளைக் கொண்டுபோய் வைத்தாள். என் சவரக் கிண்ணமும் போயிற்று. வாங்கிக்கொண்டு போனவர்கள் பிற்பாடு வந்து, இலையாகவே போகிறது, காயைக் காணோம் என்று குறை சொன்னார்கள். "வெட்டுனீங்ளா?" என்று அம்மா கேட்பாள். மனசு வரவில்லை என்பார்கள். "மனசெ ஆரு கேட்டா," என்பாள். எங்கள் கொடி மறு வருஷம் பந்தல் ஏறியது. அதற்கடுத்த போகத்தில் நான் எண்ணிக்கொண்டே வந்து நூற்றி நாற்பதைத் தாண்டியதும், அம்மா பார்க்கிறாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மாமா மலைக்குத் திரும்பிவிட்டாலும் தை பிறந்தால் வந்துவிடுவார். கோபாலபுரம் செக்போஸ்ட்டில்கூட யாரும் கேட்காத கத்தியை அம்மா எங்கள் வாசலிலேயே கேட்டு வாங்கிப் பூட்டி வைப்பாள். நாள் பார்த்து அவளே எடுத்துக் கொடுப்பாள். பந்தலுக்குக் கீழே இருவரும் நிற்பார்கள். எந்தக் கணுவில் என்று அவள் விரல் வைப்பாள். விரலுக்கு அந்தப் பக்கம் அவர் வெட்டுவார். "இன்னுங் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டலாமுங்," என்று இவள் சொல்வாள். "போதும் சம்பந்தியம்மா, பாவம்," என்று அவர் சொல்வார். வெட்டினதும் முதல் சொட்டு திரளும். அந்த நேரம் மட்டும் மாமா பேச்சில்லாமல் கட்டைவிரலைக் கொண்டுபோய் வைப்பார். ஒரு நிமிஷம். பிறகு எடுத்துவிடுவார்.

அப்படி நாலு தைதான் வந்தார். அடுத்த மார்கழியில் மலையிலிருந்து தந்தி வந்தது.

அவர்களுடைய சின்னக் கோயிலில் நிறையக் கூட்டம். கவாத்து ஆட்கள் வெளியே வரைக்கும் நின்றார்கள். ஐயர் புதியவர், படித்தவர். மாமாவைப் பற்றித் தெரியாது. ஆகவே நிறையப் பேசினார். ஆதியாகமத்தில் ஆரம்பித்தார். தோட்டம் என்றார், தோட்டக்காரன் என்றார், அங்கிருந்து நோவாவுக்குப் போனார். கிரேஸ் அழக்கூட முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சவப்பெட்டிக்குள் மாமா எழுந்து உட்கார்ந்து கையைத் தூக்கப்போகிறார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஐயர், இப்போது இரண்டாவது பகுதிக்கு வருவோம் என்றார்.

எனக்கு முன்வரிசையில் ஏதோ கல் தரையில் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். மூங்கில் கைப்பிடி போட்ட பெரிய எஸ்டேட் குடை, அம்மாவின் காலடியிலிருந்து உருண்டு நடுவழிக்கு வந்து நின்றது. வாசலில் நின்ற கவாத்து ஆட்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அப்புறம் இன்னொருவர். கிரேஸ் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் குனிந்து அம்மாவின் தோளைத் தொட்டேன். அவள் திரும்பாமலே சொன்னாள்.

"தானா உழுந்துச்சு."

ஐயர் ஆமென் சொன்னார்.